சோளத்துக்கு வெள்ளி-கறுப்பு மூடாக்குப் பொலித்தீன்: செம்மண் தோட்டத்தில் ஒரு மதிப்பீடு

மிளகாய்ச் செய்கைக்கென விவசாயக் கடைகளில் விற்கப்படும் வெள்ளி-கறுப்பு மூடாக்குப் பொலித்தீனை யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் சிறுபோகச் சோளத்துக்கு (மக்காச்சோளத்துக்கு) விரித்து, பக்கத்துப் பாத்திகளில் வைக்கோலும் சீமைக்கிளுவைக் குழையும் பரப்பி ஒப்பிட்டுப் பார்த்தேன். வாங்கியது 4 அடி அகலமும் 25 மைக்ரோன் தடிப்பும் கொண்ட சுருள்.

சோளம் ஒரு போகத்துக்கு 500 முதல் 800 மில்லிமீற்றர் வரை நீர் கேட்கும் பயிர். பெருமழை ஐப்பசி தொடங்கி மார்கழியோடு ஓய்ந்துவிடுவதால் சிறுபோகத் தேவையின் பெரும்பகுதியைச் சுண்ணக்கல்லில் தேங்கிய கிணற்று நீரே ஈடுசெய்ய வேண்டியுள்ளது; அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். இலைகள் விரிந்து நிலத்துக்கு நிழல் தரும்வரை வெற்று மண்ணிலிருந்து ஆவியாகிப் போகும் நீரே பெரிய இழப்பு என்பதால், அந்த இளம் பருவத்தில் பொலித்தீன் செய்யும் உதவி மிகப் பெரிது. இறைப்புகளுக்கு இடையிலான நாட்களைக் கூட்ட முடிந்தது; களையும் அடங்கியது, ஊசிபோல் துளைத்துக்கொண்டு வரும் கோரையைத் தவிர.

ஆனால் அடியில் சொட்டுநீர்க் குழாய் இருந்தால் மட்டுமே இதை வாங்கலாம். வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குப் பாத்தி நீர் கட்டும் நமது வழமையான இறைப்பில், விரிப்பில் விதை ஊன்றிய துளைகளின் வழியே வேருக்குப் போதிய நீர் இறங்குவதில்லை. நாலாம் கிழமையளவில் யூரியா இட்டு மண் அணைக்கும் வேலைக்கும் விரிப்பு குறுக்கே நிற்கிறது. மண் அணைக்காத சோளம் காற்றுக்குச் சாயும் என்பதால் இது சிறிய குறையன்று.

விளைச்சலைப் பொறுத்தவரை, சொட்டுநீரோடு சேர்ந்த விரிப்பிலும் வைக்கோல் பாத்தியிலும் பொத்திகள் நுனிவரை மணி கட்டியிருந்தன. கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு இல்லை. சீனாவின் குளிர்ந்த, வறண்ட லோயஸ் (காற்று படியவைத்த வண்டல் மண்) மேட்டுநிலத்தில் பொலித்தீன் சோள விளைச்சலைப் பெரிதும் உயர்த்துவதற்கு அது இளவேனிலில் மண்ணைச் சூடாக்குவதும் ஒரு முக்கிய காரணம். நமக்கு அந்தச் சூடு தேவையில்லை. நமக்கு வேண்டியது, பூவும் பொத்தியின் பட்டுநூலும் வெளிவரும் கிழமைகளில் மண் ஈரம் குறையாதிருப்பது; அதை நாலு விரல் தடிப்பான வைக்கோலும் தருகிறது. தனி வைக்கோல் உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்து இளம்பயிரை மஞ்சளாக்கக்கூடும். நைதரசன் மிகுந்த சீமைக்கிளுவைக் குழையைக் கலந்தால் அந்தக் குறை பெரிதும் தணியும். கறையானை மட்டும் கவனிக்க வேண்டும்.

ஆகவே சொட்டுநீர் உள்ளவர், சோளம் வெட்டியதும் அதே துளைகளில் கௌபி ஊன்றி இரண்டாம் பயனும் பெறுவாரானால், கொடுத்த விலை நியாயமே. மற்றவர்கள் வைக்கோலோடும் குழையோடும் நிற்கலாம். வாங்குவோர் 25 மைக்ரோனுக்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம். வெயிலில் நொந்த மெல்லிய விரிப்பு கழற்றும்போது துண்டுதுண்டாகக் கிழிந்து மண்ணோடு கலந்துவிடும், உழவுக்கு முன் அதைப் பொறுக்கி முடிப்பது பெரும்பாடு.