கஞ்சனுக்குச் சீனத்தில் எந்தச் சொல்?

'கஞ்சத்தனம்' என்று சீன அகராதியில் தேடினால் லின்ஸெ, ஷியாவ்ச்சி, கோவ்மன் என்று மூன்று வந்து நிற்கும். மூன்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்தால் ஒன்றும் ஒட்டாது. ஒன்றில் தொடங்கு என்றால், நான் கோவ்மன் பக்கம்.

லின்ஸெ நம் 'உலோபி' மாதிரி, எழுத்தில் வாழும் சொல். சாப்பாட்டு பில்லைப் பார்த்ததும் கைகழுவப் போகும் நண்பனைச் சொல்ல அது பொருந்தாது. சீன மொழித் தேர்வான எச்எஸ்கேயின் பழைய ஆறு நிலைச் சொற்பட்டியலிலும் 6ஆம் நிலையில்தான் வருகிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஷியாவ்ச்சி அதே பட்டியலில் 5ஆம் நிலை. எல்லா ஊரிலும் புரியும். ஆனால் காசு எடுக்காதவனும் ஷியாவ்ச்சி, சின்னக் கிண்டலுக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்பவனும் ஷியாவ்ச்சி. கையைச் சொல்கிறார்களா, மனசைச் சொல்கிறார்களா என்று பேச்சின் போக்கை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். புதிதாகப் படிப்பவருக்கு இது சிரமம்.

கோவ்மனில் அந்தக் குழப்பம் இல்லை, காசு விஷயம் மட்டும்தான். 'கோவ்' என்றால் விரலால் நோண்டுவது. எழுத்தின் இடப்பக்கத்திலேயே கையைக் குறிக்கும் உறுப்பு இருக்கிறது. ஒருமுறை பார்த்தால் மறக்காது. வடக்கத்திப் பேச்சுச் சொல் இது. பெய்ஜிங்காரர்கள் முடிவில் நாக்கை மடித்து 'கோவ்மர்' என்பார்கள். 'தா ஹென் கோவ்' என்றாலே போதும், 'அவன் ரொம்பக் கஞ்சம்'. நம்மவர்கள் கவனிக்க வேண்டியது அந்தக் 'க'. உள்ளங்கையில் காற்று படும்படி மூச்சுவிட்டுச் சொல்ல வேண்டும். தமிழில் இந்த வேறுபாடு இல்லாததால் எளிதில் தவறுகிறது. மூச்சுவிடாமல் சொன்னால் அது வாய்க்காலைக் குறிக்கும் வேறு சொல்!

ஆளையே குறிக்க வேண்டுமா? 'தியே கோங்ஜி', இரும்புச் சேவல். ஓர் இறகுகூடப் பிடுங்க முடியாது. நம் ஊரில் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன். இதோடு சேர்ந்து வருவது 'யி மாவ் பு பா', ஒரு மயிரைக்கூடப் பிடுங்கான். உலகத்துக்கே நன்மை என்றாலும் யாங் ஜூ என்ற பழைய சீனச் சிந்தனையாளர் தன் ஒரு மயிரைப் பிடுங்கித் தரமாட்டார் என்று கன்பூசிய அறிஞர் மென்சியஸ் கண்டித்ததில் இதன் வேர் இருக்கிறது. பேச்சுவழக்கில் 'மாவ்' என்பது யுவானில் பத்தில் ஒரு பங்கும்கூட. இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சிங்கப்பூர், பினாங்கு போகிறவர்கள் ஹொக்கியன் மொழியின் 'கியாம் சியாப்'பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் உப்பும் துவர்ப்பும்.