மலைத்தேனா, பெட்டித்தேனா?

கோத்தகிரிக்கு வரும் உறவினர்கள் ஊர் திரும்பும்போது ஒரு புட்டித் தேன் வாங்காமல் போவதில்லை. எது நல்லது என்று கேட்பார்கள். எந்தத் தேனீயின் தேன் என்று கடைக்காரரிடம் கேளுங்கள் என்பேன்.

மலைத்தேன் பெருந்தேனீயுடையது. செங்குத்துப் பாறையில் ஒற்றை அடை, சில நேரம் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தொங்கும். நீலகிரிப் பழங்குடியினரான குறும்பர்கள் காட்டுக்கொடியில் முறுக்கிய ஏணியில் இறங்கிப் புகைபோட்டு அதை எடுக்கிறார்கள். மேலே ஏணியைக் காத்து நிற்பவர் மைத்துனர். தன் அக்காளோ தங்கையோ தாலியிழக்க அவர் விடமாட்டார் என்ற நம்பிக்கை. அந்தப் புட்டியின் விலையைப் பேரம் பேச எனக்கு மனம் வருவதில்லை.

இந்தத் தேன் நீர்த்திருக்கும். உடனே கலப்படம் என்று சொல்லிவிடுகிறார்கள், அது தவறு. திறந்தவெளி அடையில், ஈரக்காற்றில் சேரும் தேனில் நீர் கூடுதலாகவே நிற்கும். நீர் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேன் எளிதில் புளித்து நுரைக்கும். ஆகவே சிறிய புட்டியாக வாங்கி, சில மாதங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

பெட்டித்தேன் வேறு. மரப்பொந்தில் வாழும் அடுக்குத்தேனீயைப் பெட்டியில் குடியேற்றி, அடை கட்டிய மரச்சட்டங்களைக் கருவியில் சுழற்றித் தேனைப் பிரிக்கிறார்கள். அடை சிதையாது, அடையிலுள்ள தேனீப் புழுக்களின் சாறு கலக்காது. பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் கோடைமழைக்குப் பின் காப்பி பூக்கும் நாட்களில் இந்தத் தேனீக்களைப் பார்க்க வேண்டும்! தேன் கெட்டியானது, நெடுநாள் நிற்கும். தினமும் தேன் சாப்பிடும் வீட்டுக்கு இதுவே சரி. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனும் கொடுக்காதீர்கள்.

கொட்டாத சிறு தேனீயின் கொசுத்தேன் புளிப்பானது, மிகக் கொஞ்சமே கிடைப்பது. மருந்துக்கென்று தேடுபவர்கள் வாங்கட்டும்.

அடியில் சர்க்கரைபோல் உறைவதை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். அசல் தேனும் உறையும். தண்ணீரில் விட்டுப் பார்க்கும் சோதனையும் எதையும் நிரூபிப்பதில்லை. எடுத்த மாதத்தையும் பூவையும் கேட்பதே மேல்.

சுவைக்காக என்றால் என் கை மலைத்தேனுக்குத்தான் நீளும். அதிலும் நாவல் பூத்த பருவத்துத் தேன்: கருத்த நிறம், இனிப்புக்குப் பின்னால் நாக்கின் அடியில் ஒரு கசப்பு. கெட்டுப்போனது என்று சிலர் திருப்பிக் கொடுக்கிறார்கள். வறுத்த தினைமாவில் அதை ஒரு கரண்டி பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.