நான்கறை வீவக வீட்டுக்குப் புதுப்பிப்பு 'பேக்கேஜ்': எடுக்கலாமா?

சிங்கப்பூரில் வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புதிய பிடிஓ வீடுகளுக்கு, அதாவது முன்பதிவு பெற்றுக் கட்டப்படும் வீடுகளுக்கு, புதுப்பிப்பு வேலைகளைத் தொகுப்பாக விற்கும் பேக்கேஜ்களில் விலை பரவாயில்லை. வீட்டுக்காரர் கேட்டது விலைப்பட்டியலில் ஏறாமல் போவதுதான் குறை. விற்பனையாளரிடம் வாட்ஸ்அப்பில் பேசியது தச்சரிடம் போய்ச் சேராது. அவர் கையில் இருப்பது வரைபடம் மட்டுமே.

சமையலறையில்தான் இது முதலில் தெரியும். அலமாரியை அடிக்கணக்கில் விற்கிறார்கள்: மேலே இத்தனை அடி, கீழே இத்தனை அடி. அதில் இழுப்பறை எத்தனை, மெதுவாக மூடும் கீல் உண்டா, உள்பக்கம் பிவிசியா லேமினேட்டா என்பதெல்லாம் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. எழுதாதது ஒவ்வொன்றும் பிறகு கூடுதல் கட்டணமாக வரும். அடுப்பு, சிங்க் மாடல் எண்களைக் கல்மேடைக்கு அளவெடுக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். மேடையின் குவார்ட்ஸ் கல்லில் வெட்டிய துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. குளிர்பதனப் பெட்டியைச் சுவரை ஒட்டி வைத்தால் கதவு முழுதாகத் திறக்காது, உள்தட்டுகளை இழுக்கவும் வராது. அதன் கையேட்டில் உள்ள இடைவெளி அளவை வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

கட்டில், தொலைக்காட்சி இடங்கள் முடிவாகாமல் பிளக் பாயிண்ட் குறிக்க விடாதீர்கள். பூச்சு முடிந்தபின் இடம் மாற்றினால் சுவரை மறுபடி வெட்ட வேண்டும். வீவக விதிப்படி இரைச்சல் வேலைக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே அனுமதி. வெள்ளி மாலை சொன்ன மாற்றம் திங்கள் வரை நிற்கும், அதற்குள் பெயின்டர் வேறு வீட்டுக்குப் போயிருப்பார்.

தரையில் சிமெண்டுப் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இருக்கும் டைல்ஸ்மேல் வைனில் (பிளாஸ்டிக் தரைவிரிப்பு) ஒட்டினால் மரக்கதவின் அடியைச் சீவிக்கொள்ளலாம். ஆனால் பாதுகாப்பறையின் (அவசரகாலத்தில் ஒதுங்க வீட்டுக்குள் கட்டப்பட்ட அறை) இரும்புக் கதவில் கை வைக்கவே கூடாது. அந்தக் கதவின் அடி இடைவெளியை அளந்த பிறகே வைனிலின் தடிமனை முடிவு செய்யுங்கள். புதிய வீட்டின் குளியலறை டைல்ஸை முதல் 3 ஆண்டுகளுக்கு உடைக்க முடியாது. தெரிந்தும் அதை விலைப்பட்டியலில் சேர்க்கும் குத்தகையாளர் வேண்டவே வேண்டாம்.

எங்கள் மதிப்பீடு ஐந்துக்கு மூன்று. தேவைகள் எளிமையாக, முன்பே முடிவாகியிருந்தால் பேக்கேஜ் நல்ல தேர்வு. சுவரை இடித்து அறையை மாற்ற நினைப்பவர்கள் தனி விலைப்பட்டியலே கேளுங்கள். எதுவானாலும் குத்தகையாளர் வீவகவின் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் விலை, கூடுதல் நாள், இரு தரப்புக் கையொப்பம் மூன்றும் வேலை தொடங்குமுன் தாளில் இருக்கட்டும். கடைசித் தவணையை, குறைகள் சரிசெய்யப்பட்ட பிறகே கொடுங்கள்.