ஒரே ரயில், ஒரே கட்டணம், வாரத்துக்கொரு விதமாகச் சாப்பாடு

வேலை நிமித்தமாகச் சென்னைக்கும் கோவைக்கும் பல வருடங்களாக ரயிலில்தான் போய் வருகிறேன். நேரம் பெரும்பாலும் தவறுவதில்லை, பெட்டிகளும் முன்பைவிடச் சுத்தம். சாப்பாடும் உபசரிப்பும்தான் அன்றைக்கு யார் டியூட்டியோ அவர்களைப் பொறுத்து மாறுகின்றன.

சதாப்தி, வந்தே பாரத் மாதிரி ரயில்களில் சாப்பாட்டுக் காசை டிக்கெட்டோடு வாங்கிவிடுகிறார்கள். வேண்டாமென்றால் முன்பதிவிலேயே விட்டுவிடலாம். ஆனால் காசு கட்டியவருக்கு என்ன வரும் என்பது நிச்சயமில்லை. ஒரு நாள் இட்லி ஆவி பறக்க வந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் மாத்திரைக்கு வெந்நீர் கேட்டார். பரிமாறிய தம்பி மறக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். அதே வகுப்பில் இன்னொரு நாள், மூடியைத் திறந்தால் உட்புறம் முழுக்க வியர்த்திருக்கிறது, கீழே உப்புமா கல்லாக இறுகிக் கிடக்கிறது. சாம்பாரைக் கேட்டால் "தீர்ந்துடுச்சு சார்". வெளியே சமைத்து, கட்டி ஏற்றி, ரயிலில் சூடாக்கித் தருவதுதான் அங்கே நடைமுறை. சூடாக்க ஆளும் நேரமும் போதவில்லை என்றால் இப்படித்தான் வரும். சர்க்கரை நோயாளிகள் இதை நம்பி எப்படி ஏறுவது?

சாதாரண எக்ஸ்பிரஸ்களில் பிரச்சினை வேறு. 2019 விலைப்பட்டியலின்படி ரயிலுக்குள் டீ பேக் போட்ட டீ 10 ரூபாய், சைவச் சாப்பாடு 80 ரூபாய். கேட்பதோ 15, 100 என்று ஆளுக்கொரு விலை. பில் தராவிட்டால் பணம் தர வேண்டாம் என்று ரயில்வேயே அறிவித்திருக்கிறது. ஆனால் பில் கேட்டதும் "மெஷின் பேன்ட்ரியில (சமையல் பெட்டியில) இருக்கு" என்று நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு தடவை ரயில்வே உதவி எண்ணான 139-க்குப் புகார் செய்தேன். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் வந்து, கூடுதலாக வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு, "புகாருக்குத் திருப்தின்னு போட்டுடுங்க சார், பையன் வேலை போயிடும்" என்றார். எனக்கு அந்தப் பையன் மேல் கோபமே இல்லை. தவறு ஒப்பந்தக்காரருடையது, பயம் மட்டும் பையனுக்கு. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அபராதம் போடுவதென்றால் ஒப்பந்தக்காரருக்குப் போட வேண்டும்.

இப்போதெல்லாம் நீண்ட பயணமென்றால் ஆன்லைனில் சாப்பாடு சொல்லும் ரயில்வேயின் இ-கேட்டரிங்கில் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்து, வழியில் வரும் பெரிய ஸ்டேஷனில் வாங்கிக்கொள்கிறேன். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் எந்தக் கடை, என்ன விலை என்று முன்பே தெரிகிறது. வயதானவர்களோடு போகிறவர்கள் அப்படிச் செய்யுங்கள், கையில் தயிர்சாதமும் வைத்துக்கொள்ளுங்கள்.