இறைப்பு மெஷினுக்குக் கலண்டரா, கூகுள் ஷீட்டா?

தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கு ஒயில் மாற்றும் நாளைப் போன் கலண்டரில் போட்டுவைத்தால் அது மணியடித்து நினைவூட்டும். சுலபம்தான். ஆனால் கலண்டருக்குத் தேதி தெரியும், மெஷின் ஓடிய நேரம் தெரியாது. சின்னப் பெற்றோல் எஞ்சின்களுக்குப் பொதுவாக 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயத்துக்கு நாளுக்கு 4 மணித்தியாலம் இறைத்தால் 25 நாளில் அது வந்துவிடும். கார்த்திகை மழைக்கோ மெஷின் கொட்டிலுக்குள் தூங்கும்.

கூகுள் ஷீட் என்ற கணக்கு அட்டவணையில் கூட்டல் சூத்திரத்தை ஒருமுறை போட்டுவைத்து, இறைத்த நேரத்தைப் பதிந்தால் கூட்டுத்தொகை தானே வரும். சேற்றுக் கையோடு போனைத் தொடத்தான் மனம் வராது. நான் கிணற்றுக்கட்டில் கரியால் கோடு போட்டுவிட்டு இரவில் பதிகிறேன். லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு மெஷினை யார் இரவல் கொண்டுபோனார் என்பதற்கும் ஒரு நிரல் இருக்கிறது (உறவுக்காரர் கோபிக்கக்கூடாது!). காப்புறுதி புதுப்பிக்கும் தேதிக்குக் கலண்டரே போதும்.