மூன்று கச்சானும் ஓர் ஈரச்சாக்கும்

போன வாரம் டொரன்டோவிலிருந்து மாமா மகன் மட்டக்களப்பிலிருக்கும் எனக்கு அழைத்தான். அவன் வீட்டு நிலவறை பனிக்காலத்தில் 12 பாகை செல்சியஸில் நிற்குமாம். பிரிட்ஜ் எதுவும் இல்லாமல் வாளியை அங்கேயே வைத்து, குளிரில் மெல்லப் புளிக்கும் லாகர் பியர் போடுகிறான். "மச்சான், நீயும் கல்லடியில பிரிட்ஜ் இல்லாமத்தானே இஞ்சி பியர் போடுறாய். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வரக்குள்ள ஈஸ்ட் கொண்டு வாறன், உன்ட ஈரச்சாக்குல லாகர் போட்டுப் பாப்பமா?" என்றான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நேற்றிரவு இரண்டு மணிக்குச் சாக்குக்குத் தண்ணீர் ஊற்ற எழும்பிய கையோடு இதை எழுதுகிறேன். ஆகவே கொஞ்சம் கோபம் கலந்திருக்கும்.

என் ஏற்பாடு பெரிதாக ஒன்றுமில்லை. 10 லீற்றர் மூடிவாளி, அது அமர ஒரு அகலப் பேசின், பேசினில் நாலு விரல் தண்ணீர், வாளியைச் சுற்றி நுனி தண்ணீரில் தொடும்படி ஒரு சணல் சாக்கு. சாக்கு தண்ணீரை உறிஞ்சும், காற்று அதை உலர்த்தும், அந்த உலர்தலில் வாளியின் சூடு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். முதல் நாள் அம்மா பார்த்துவிட்டு, "என்ன மனே, வாளிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார்.

இஞ்சி, சீனி, தேசிக்காய்ப் புளி, கால் தேக்கரண்டி ஈஸ்ட் என்று எல்லாரும் போடுவதையே போடுகிறேன். தொந்தரவு வேகத்தில்தான். 34 பாகையில் ஈஸ்டுக்குப் பேய் பிடித்துவிடும். காலையில் போத்தலில் அடைத்தால் மாலைக்குள் வாயு நிரம்பிப் போத்தல் கல்லாகிவிடும். குடித்தால் இஞ்சி மணத்துக்கு முன் புளித்த பாண் மணம் வரும். புளிக்கும்போது ஈஸ்ட் தானும் சூட்டைக் கக்குவதால் வாளிக்குள் அறையைவிடக் கூடுதலாகவே கொதிக்கும். 28க்கு இறக்கினால் ஒரு நாள் முழுதும் நிதானமாக வேலை செய்யும். இஞ்சியின் காரம் தொண்டையில் நிற்கும்.

நான் எதிர்பாராத சந்தோசம் இதுதான்: கச்சானில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், இந்தச் சாக்கு ராசா. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கி வரும் அந்தக் காற்றில் நாமெல்லாம் வதங்குகிறோம், கிணற்றடி வாழைகூடக் கருகுகிறது. சாக்குக்கு மட்டும் கொண்டாட்டம். அறை 35 காட்டிய பின்னேரங்களில் வாளி 28இல் நின்றதை நானே மூன்று வருடமாகப் பார்க்கிறேன். மார்கழியில் நிலைமை தலைகீழ். மாரி ஈரத்தில் சாக்கு உலரவே உலராது. அறை 27 என்றால் வாளி 26. அந்த ஒரு பாகைக்காக நாறுகிற சாக்கை யார் கட்டியணைப்பது? மாரியில் சும்மா விட்டுவிடுகிறேன், அதுவே நன்றாக வருகிறது.

இன்னொரு லாபம் எறும்பு. சீனிப் பாகை மணந்து வந்த படை பேசின் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிவிடும். இதற்காகவே பேசினுக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். ஆனால் தேங்கிய தண்ணீர் என்றால் நுளம்பு. டெங்கு காலத்தில் பி.எச்.ஐ. என்ற சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வீடு வரும்போது பேசினில் குடம்பி நெளிந்தால் இஞ்சி பியர் என்று சொல்லித் தப்ப முடியாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பேசினின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சும்மா கொட்டினால் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இனிச் சாக்கு. என் முழுக் கோபமும் இதன் மேல்தான். அரிசி, உரம், மாட்டுத்தீன் எல்லாம் இப்போது பிளாஸ்டிக் பையில் வருகிறது. அது ஒரு துளித் தண்ணீரும் குடிக்காது. சணல் சாக்குக்காகப் புளியந்தீவில் நாலு கடை ஏறி இறங்கினேன். கிடைத்ததும் நாலாம் நாளே நாற்றம். வெயிலில் போட்டால் விறைத்துப் பலகையாகிறது, நனைத்தால் நார் உதிர்ந்து பேசினில் மிதக்கிறது. கச்சான் வேகத்தில் மேல்பாதி மூன்று மணித்தியாலத்தில் காய்ந்துவிடுவதால் இரவிலும் எழும்ப வேண்டும். மூன்று வருடத்தில் ஐந்து சாக்கு மாற்றிவிட்டேன். இடையில் ஒருமுறை மனைவியின் பழைய பருத்தித் துவாயைக் கேட்காமல் எடுத்துச் சுற்றினேன். சாக்கைவிடப் பிரமாதமாக வேலை செய்தது. அந்தப் பரிசோதனை ஒரு நாளோடு முடிந்தது.

சரி, லாகருக்கு வருவோம். முதலில், இங்கே உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம். நான் இஞ்சி பியரைக்கூட ஒரு நாளுக்கு மேல் புளிக்க விடுவதில்லை. இரண்டாவது, லாகர் ஈஸ்ட் கேட்பது 8 முதல் 13 பாகை. அதற்குப் பிறகு உறைநிலைக்குச் சற்று மேலே வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். லாகர் என்ற ஜெர்மன் சொல்லே சேமித்து வைப்பதைத்தான் குறிக்கிறது. சூட்டில் போட்டால் வாழைப்பழ வாசம் அடிக்கும். சாக்கு எவ்வளவு உயிரைக் கொடுத்தாலும் காற்றின் ஈரம் விடுகிற எல்லைக்குக் கீழே இறங்காது. மட்டக்களப்பில் அது 24, 25தான். பவேரியாவில் 1553இல் ஏப்ரல் 23 முதல் செப்டெம்பர் 29 வரை பியர் காய்ச்சவே தடை போட்டார்கள், கோடையில் கெட்டுப்போகிறது என்று. திகதியைப் பாருங்கள், கிட்டத்தட்ட நம் கச்சான் காலம். அவர்களுடைய கோடையே லாகருக்கு ஆகவில்லை, இதில் ஆடி மாதம் கல்லடியிலா?

இஞ்சி பியருக்கு இந்த ஏற்பாடு வாங்கலாமா என்று கேட்டால், வாங்க என்ன இருக்கிறது, பேசினும் வாளியும்தானே. கச்சானில் இதைவிட மலிவான குளிரூட்டி இல்லை என்று சொல்பவனும் நானே. ஆனாலும் வேண்டாம். தூக்கம் பெரிது. அடைக்கும்போது ஒரு பிளாஸ்டிக் போத்தலையும் சேர்த்து அடையுங்கள், அமுக்கி நெளியாத நிலை வந்ததும் எல்லாவற்றையும் மீனோடு மீனாகப் பிரிட்ஜில் தள்ளுங்கள், போதும்.

மச்சானுக்கு இன்று காலை பதில் அனுப்பிவிட்டேன்: ஈஸ்ட் கொண்டு வராதே. நல்ல தடித்த பருத்தித் துவாய் இரண்டு கொண்டு வா. ஒன்று மனைவிக்கு.