மாத்திரை தர மறுத்த மருந்துக்கடை

எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன்.

சென்ற மாதம் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்தபோது, ஆறு மாதங்களுக்கு முன் இதே தொந்தரவுக்கு மருத்துவர் எழுதித் தந்த சீட்டை எடுத்துக்கொண்டு செபிக்ஸிம் 200 என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கப் போனேன். தேதியைப் பார்த்த கடைக்காரர், "புதுச் சீட்டு இல்லாமல் இதைத் தர முடியாது, சார்" என்று சொல்லி, மாத்திரை அட்டையைத் திருப்பிச் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்த எச்சரிக்கையைக் காட்டினார். மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே தர வேண்டியவை என்று அரசு வகுத்த ஹெச்1 பட்டியலில் உள்ள இத்தகைய மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் நான் முன்பு வாங்கிய கடையில் கேட்ட மாத்திரத்தில் நான்கு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள் என்பதால், இவருடைய கண்டிப்பு அன்று எனக்கு எரிச்சலையே தந்தது.

வேறு வழியின்றி மருத்துவரிடம் போனோம். சிறுநீரில் என்ன கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் யூரின் கல்ச்சருக்கு மாதிரி எடுக்கச் சொல்லிவிட்டு, அவர் நைட்ரோஃபியூரன்டாயின் என்ற வேறோர் ஆன்டிபயாடிக்கை ஐந்து நாளுக்கு எழுதினார். மூன்றாம் நாள் வந்த அறிக்கையில் ஈ.கோலை கிருமியின் பெயருக்குக் கீழே செபிக்ஸிமுக்கு நேராகவும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நேராகவும் 'ஆர்' என்று இருந்தது. அதாவது இரண்டுக்கும் அது அடங்காது. நான் கேட்டதைக் கடைக்காரர் கொடுத்திருந்தால், பலிக்காத மருந்தை அம்மா விழுங்கிக்கொண்டிருக்க, தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருக்கக்கூடும்.

ஓர் ஆன்டிபயாடிக்கை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு அடங்கும் கிருமிகள் சாக, அடங்காதவை குடலில் தங்கிப் பெருக வழி கிடைக்கிறது. வைரஸால் வரும் சளிக்குச் சும்மா விழுங்கும் ஆன்டிபயாடிக்கும் இதே வேலையைத்தான் செய்துவிட்டுப் போகும். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக 2019இல் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக, 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

புதுச் சீட்டோடு போனபோது, "சாப்பாட்டோடு போடவும், சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்" என்று கடைக்காரர் உறைமேல் பேனாவால் எழுதியே கொடுத்தார். மறுநாள் காலையில் அம்மா பதறாமல் இருந்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

குறைத்த ஒரு நட்சத்திரம் காத்திருப்புக்காக. பில் போடுவதும் பதிவேடு எழுதுவதும் ஒரே ஆள் என்பதால், மாலை வேளையில் கால் மணி நேரமாவது நிற்க வேண்டியிருக்கிறது. உதவிக்கு இன்னொருவரை வைத்தால் அதையும் தந்துவிடலாம்.